வெள்ளிக்கிழமைக்குள் ஆற வேண்டிய கொப்புளம்

புரட்டாசி 9, திங்கள்
வானம் மூடிக் கிடக்கிறது, மழை இல்லை. காலை முழுக்க அம்மாவோடு நடவு. மாலை வாய்க்கால் கரையில் ஓட்டம், புது கேன்வாஸ் ஷூ. வலது குதிகாலில் நெல்லிக்காய் அளவு கொப்புளம். சனியன்.

வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஓட்டத்தில் தேறாவிட்டால் அடுத்த வருடமும் நடவுதான்.

"தோல உரிச்சுப் போட்டுரு, காஞ்சிரும்" என்று அம்மா வந்தாள். காலை இழுத்துக்கொண்டேன். அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கக்காரர், போலீஸ் என்றாலே ஆகாது.

செவ்வாய்
தி.பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸக்காவிடம் காட்டினேன். "சேத்துல ஊறின காலோட ஷூ மாட்டுனா வேற என்னடி ஆகும்? தோல உரிக்காத. ஓரமா குத்தி தண்ணிய மட்டும் எடு."

வீட்டில்: காலுக்கு சோப்பு. கொதிநீரில் போட்டெடுத்த ஊசி. ஓரத்தில் ஒரு குத்து. நீர் வடிந்தது, தோல் அப்படியே மூடிக்கொண்டது. களிம்பு, மேலே சுத்தத் துணி. பயந்த அளவுக்கு வலி இல்லை.

புதன்
நடவுக்குப் போகவில்லை. அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். வந்ததும் சொன்னாள்: "ஒன் பங்கையும் சேத்து நட்டுட்டேன்." அழுகை வந்துவிட்டது.

கையோடு மருதாணி அரைத்தாள். "சேத்துப்புண்ணே இதுல ஆறுது, இது ஆறாதா?" பெரிய வாக்குவாதம். கடைசியில் சமாதானம்: சேற்றுப்புண் உள்ள இடது கால் அம்மாவுக்கு, வலது நர்ஸக்காவுக்கு.

வியாழன்
வெயில். கொப்புளம் வற்றிவிட்டது. ஷூ மட்டும் உரசுகிறது. வெறுங்காலோடு ஓடுவதாக முடிவு.

சாப்பிடும்போது அப்பா: "போலீசானா எங்க ஊர்வலத்துக்குத்தான் தடியத் தூக்கிட்டு வருவ."
"வந்தா ஒங்கள மட்டும் விட்டுர்றேம்ப்பா."
அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை, இன்னொரு கரண்டி சோறு கேட்டார்.

வெள்ளி
அப்பாவே கூட வந்தார்! மைதானத்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்.

பக்கத்தில் நின்ற பெண்: "ஒத்தக் காலு மட்டும் செவந்திருக்கே, பாதிக் கல்யாணமா?" சிரிப்பில் பயம் போயிற்று.

ஓடினேன். கட்டு நகரவில்லை. மூன்றாவதாக வந்தேன். தேறிவிட்டேன்!

வேலியோரம் அப்பா என் காலைக் குனிந்து பார்த்தார். அப்புறம் மெதுவாக, "கூலி கேட்டு நின்னப்ப போலீசு எங்கள வரப்பு வரப்பாத் தொரத்துச்சு. ஒருத்தன்கூட ஒன்ன மாதிரி ஓடல. நீ இருந்திருந்தா நான் மாட்டியிருப்பேன்."