‘ஓம்’ என்றால் ஒன்றா, அண்ணை?

என் அன்புள்ள அண்ணை,

யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் நாங்கள் வேலை செய்த அறை அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கணினியை நான்தான் பாவிக்கிறேன்.

நீங்கள் கடைசியாக முடித்த சொட்டுநீர்ப் பாசன மதிப்பீடு அச்சுக்குப் போகவிருக்கிறது. திட்டம் வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் சோடி சேர்த்துக் கணக்கிட்டு, திட்டம் பலித்தது என்று கண்டீர்களே, அதுதான். அதை நம்பி உடுவில் பக்கமும் குழாய் போடப்போகிறார்கள். அட்டையில் உங்கள் பெயர்.

போன கிழமை நேர்காணல் ஒலிப்பதிவுகளைச் சும்மா போட்டுக் கேட்டேன். “சொட்டுநீர் வந்தாப்பிறகு இறைப்பு வேலை குறைஞ்சதோ ஐயா?” என்று, கேள்வித்தாளோடு நாங்கள் அனுப்பிய பிள்ளை கேட்கிறாள். “ஓம்...” என்கிறார் வெங்காயத் தோட்டக்காரர். கொஞ்சம் பொறுத்து, “ஓம், சொல்லுங்கோ பிள்ளை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.” அதற்குள் அவள் ஒன்று என்று பதிந்துவிட்டாள். ஒன்று என்றால் பலன் உண்டு.

ஐயோ அண்ணை, எங்கள் ஊர் ‘ஓம்’ என்பது ‘ஆம்’ மட்டுமல்ல, ‘கேட்கிறேன், சொல்லுங்கள்’ என்பதும்தான்; யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? திட்டம் வந்த ஊர்களில், அதிகாரி கூட்டிவந்த பிள்ளைகள் என்ற மரியாதைக்கு ஓம் போட்டிருக்கிறார்கள். வராத ஊர்களிலோ, “எங்களுக்கு ஒண்டும் தரேல்லை, பிறகென்ன கேள்வி?” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்; அது பூச்சியம் என்று பதிவாகிவிட்டது. அந்த வித்தியாசத்தைத்தான் திட்டத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டோம். உங்கள் சமன்பாட்டில் பிழையில்லை.

பதில் சந்தேகமாக இருந்த ஆட்களிடம் திரும்பப் போய், அவசரப்படாமல் ஆறுதலாகக் கேட்டேன். “எங்கடை தண்ணிக்குக் குழாயெல்லாம் சுண்ணாம்பு பிடிச்சு அடைச்சுப்போச்சு. பழையபடி தண்ணி மெசின் வைச்சுத்தான் கிணத்திலை இருந்து இறைக்கிறம்” என்றார்கள். கணக்கை மறுபடி செய்தேன். இரண்டு வகை ஊர்களுக்கும் இடையில் சொல்லும்படி ஒரு வேறுபாடும் இல்லை.

மச்சாளிடம் போய்ச் சொன்னேன். “உங்கடை அண்ணை எனக்கும் உப்பிடித்தான் ஓம் ஓம் எண்டுகொண்டிருப்பார், ஒண்டும் காதிலை ஏறியிராது” என்று சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. “அவரின்ரை கடைசி வேலையெல்லோ. பிழையெண்டால் அவரின்ரை பேரை எடுத்துவிடுங்கோ. செத்த மனிசனை ஆரும் குறை சொல்ல வேண்டாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயரை எடுத்தால் உங்களை யாரும் குறை சொல்லமாட்டார்கள்தான். ஆனால் பிழை விட்டதோடு உங்கள் வேலை நின்றுபோகும். தன் பிழையைத் திருத்துவது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமா உரியது?

முதல் பக்கத்திலேயே எழுதுவேன்: திட்டத்தால் பலன் தெரியவில்லை, முன்பு நாங்கள் கண்டது பிழை. அதற்குக் கீழே முதலில் உங்கள் பெயர், பிறகு என் பெயர். இது சத்தியம்.

சண்டை பிடிக்க ஆளில்லாமல் இருக்கும்,
உங்கள் தங்கை