இரண்டாவது சாவி

அன்பு மகளுக்கு,

நீயும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவும் அவருடைய முழங்கால் வலியும் சௌக்கியம். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அதை அவனே உன்னிடம் பீற்றிக்கொண்டிருப்பான். நான் மட்டும் சௌக்கியமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். உன் மேலும்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. பதிலுக்கு வாயைத் திறந்தால் கத்திவிடுவேன், நீ அழுவாய், பிள்ளைத்தாய்ச்சியை அழவைத்த பாவம் எனக்கு எதற்கு என்றுதான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். சொல்ல வேண்டியதை இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி, காலைத் தொங்கப் போடாதே, வீங்கும்.

நான் வேலை பார்ப்பது ஒன்றும் பெரிய வங்கி இல்லை. வட்டார வங்கியா, பெரிய பேங்குல இடம் கிடைக்காதவங்க போய் உக்கார்ற இடமாச்சே என்று உன் பெரியப்பா நாலு பேர் நடுவில் சொன்னவர்தான். அவருக்கே பென்ஷன் ஒரு நாள் தாமதமானால் எங்கள் கவுண்டர் கண்ணாடியைத்தான் வந்து தட்டுகிறார். கிளையில் இருப்பதே ஐந்து பேர். சிஸ்டம் நின்றால் திட்டு எனக்கு, பாஸ்புக் மிஷின் தாளைக் கடித்துத் துப்பினால் திட்டு எனக்கு, பணம் எடுக்க வந்தவர் தலையில் ஒரு இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டவில்லை என்று மேலிடத்திலிருந்து வருகிற திட்டும் எனக்கு. அதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுத்தான் இத்தனை வருஷத்தை ஓட்டினேன்.

ஆனால் சாவி விஷயம் அப்படி இல்லை. பணம் வைக்கிற இரும்பறைக்கு இரண்டு சாவி. ஒன்று தலைமைக் காசாளரான என்னிடம், மற்றது மேனேஜரிடம். இரண்டையும் போட்டுத் திருப்பினால்தான் கதவு அசையும். இரண்டும் ஒரே கையில் சேரக் கூடாது, ஒரே வீட்டில் தூங்கவும் கூடாது. நான் இடுப்பில் செருகியிருப்பதைப் பார்த்துவிட்டு உன் பொம்மைக்கும் ஒரு சாவி கட்டிவிடச் சொல்லி அழுதவள் நீ. ஜுரம் வந்தால்கூட கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் நான் படுக்க முடியும். உங்கம்மாவ ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னாலும் மேனேஜர்கிட்டதான் சம்மதம் கேக்கணும் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது இருக்கும் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் அட்ஜஸ்ட். மின்விசிறி சுற்றவில்லை என்றாலும் சரி, ஆள் போதவில்லை என்றாலும் சரி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா என்பதுதான் பதில். போன திங்கட்கிழமை காலையில் என் மேஜை டிராயரைத் திறக்கிறேன், உள்ளே அவருடைய சாவி பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது. பதறிப்போய் போன் செய்தால், மச்சினனை ஏர்போர்ட்ல விட வந்திருக்கேன்க்கா, சாவிய சனிக்கிழமை கிளம்பும்போதே உங்க டிராயர்ல போட்டுட்டேன், நீங்களே தொறந்துடுங்க, ஒரு திருப்பு திருப்பினா முடிஞ்சுது என்கிறார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. லீவு நாள் முழுக்க அந்தச் சாவி பூட்டாத டிராயரில் கிடந்திருக்கிறது! நான் தொடவில்லை. கணக்காளரைக் கூப்பிட்டுக் காட்டினேன், முறைப்படி ஒப்படைக்காம நானும் தொடமாட்டேன் மேடம் என்று அவரும் கையைக் கட்டிக்கொண்டார். அதற்குள் வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்க காசை உள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டு எங்களையே நிக்க வெக்கிறீங்களா என்று தையல்காரர் கத்தினார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு சாவி டிராயரில் கிடக்கிறது என்று நடுக்கூடத்தில் நின்று சொல்ல முடியுமா? மேனேஜர் வரட்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் நானும் கணக்காளரும் எங்கள் பையிலிருந்து கொடுத்து அனுப்பினோம். மகாராஜா வந்து சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர்களைக் காக்கவைத்தது ஏன் என்று மண்டல அலுவலகம் விளக்கம் கேட்டது, அவரிடம் இல்லை, என்னிடம். நடந்ததை நடந்தபடி எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். படித்ததும் முகம் சுண்டிப்போய்விட்டது. அப்புறம் தேனொழுகப் பேச்சு. பொண்ணு பிரசவத்துக்கு லீவு கேட்டிருக்கீங்கல்லக்கா, இதைத் திரும்ப வாங்கிக்கிட்டு, உங்களுக்கு உடம்பு சரியில்ல, அதான் லேட்டுன்னு எழுதிக் குடுங்க, லீவுக்கு இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். என் பேரக்குழந்தையை வைத்து என்னிடம் பேரம் பேசுகிறான் அந்த மனிதன். இதை உன்னிடம் சொன்னால் நீயாவது கொதிப்பாய் என்று நினைத்தேன். நீ என்ன சொன்னாய்? எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா, ஒரு சாவிதானே என்றாய்.

ஒரு சாவிதானே! எனக்கு முன்னால் இந்தக் காசாளர் நாற்காலியில் இருந்தவரை நீ மிட்டாய் மாமா என்று கூப்பிடுவாய், ஞாபகம் இருக்கிறதா? அவரும் இப்படித்தான், அப்போதிருந்த மேனேஜருக்கு உதவுவதாக நினைத்து இரண்டு சாவியையும் கையில் வாங்கினார். ஒரு நாள் பணக்கட்டு குறைந்தது. அவர்தான் என்னைக் கேட்டு வாங்கினார் என்று மேனேஜர் கையைக் கழுவிக்கொண்டார். எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை, வேலை போனது மாமாவுக்கு. அவர் மகள் உன் பெஞ்சில் உட்கார்ந்தவள். திருடன் பொண்ணு என்று அவளை ஒருத்தி சொன்னதற்கு, நீ அப்படிச் சொன்னவளோடு மல்லுக்கு நின்று யூனிபார்மைக் கிழித்துக்கொண்டு வந்தாய். உன்னை அன்றைக்கு நான் அடிக்கவில்லை, கிழிசலைத் தைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மல்லுக்கு நின்ற என் பெண்தான் இன்றைக்கு ஒரு சாவிதானே என்கிறாள். நாளைக்குத் திருடியின் பேரப்பிள்ளை என்ற பேச்சை உன் பிள்ளை கேட்க வேண்டுமா?

எழுதியதை நான் திரும்ப வாங்கப் போவதில்லை. அதன் நகலை மண்டல அலுவலகத்துக்கு நானே தபாலில் சேர்த்தும்விட்டேன். லீவு தரட்டும், தராமல் போகட்டும், பத்தாம் தேதி கணக்காளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் சாவியை ஒப்படைப்பேன், அன்று சாயங்காலமே ரயில் ஏறுவேன். சம்பளத்தை வெட்டினால் வெட்டட்டும். உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுத மாட்டேன், என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. குனிந்து பெருக்காதே, மாப்பிள்ளையைப் பெருக்கச் சொல், தேய்ந்துபோக மாட்டார். தாயும் பிள்ளையும் இரண்டு உயிராக நல்லபடியாகப் பிரிந்து, நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். உன் மேல் கோபம் தீரவில்லை, மிச்சத்தை நேரில் வந்து திட்டுகிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, நான் மணியடித்து, நீ வயிற்றைத் தூக்கிக்கொண்டு கதவு திறக்க எழுந்து வரக் கூடாது. உங்கள் வீட்டு மாற்றுச் சாவியைக் கீழ்வீட்டு டீச்சரிடம் கொடுத்து வை. அது ஒரு சாவியில் திறக்கிற கதவு, நானே திறந்துகொண்டு வருவேன்.

கோபமும் ஆசியுமாக,
உன் அம்மா