தம்பிக்குக் கொடுத்த தூக்க மருந்து

1956 மாசி 16, செவ்வாய். கெலமங்கலம்.

காலையில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். டிஸ்பென்சரியில் கூட்டமில்லை. டிஞ்சர் தீர்ந்துவிட்டது, எழுதிப் போட வேண்டும். டாக்டர் டூரில், கம்பவுண்டர் நான் மட்டும்தான்.

பதினொன்றுக்கு ஆள் வந்தது. புளி உலுக்க ஏறிய தம்பி முனிராஜ் விழுந்துவிட்டானாம். ஓடிப் போனால், உட்கார்ந்து மோர் குடிக்கிறான்! சற்று நேரம் நினைவில்லையாம். காதுக்கு மேல் வீக்கம். "எனக்கு ஒண்ணுமில்லண்ணா, போயி மாத்திரை மடி" என்று கேலி வேறு. தேங்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார்கள். நானும் கும்பிட்டேன்.

ஒரு மணிக்குத் தலைவலி, வாந்தி. தூங்கட்டும் என்று புரோமைடு மிக்சர் ஒரு அவுன்ஸ் கொடுத்தேன். இப்போது மூன்று. நல்ல குறட்டை. அவன் மனைவி கௌரம்மாவுக்கு நிம்மதி, எனக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக இருந்த ஓசூர் பஸ்ஸும் போய்விட்டது. போகட்டும்.

மாசி 17, புதன். பெங்களூர் பெரியாஸ்பத்திரி.

நேற்று ஐந்துக்கு இமையைத் தூக்கிப் பார்த்தேன். வலது கண்மணி அகன்று கிடக்கிறது. கிள்ளினாலும் அசைவில்லை. தளியிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லாரியில் ஏற்றினோம். வழியிலேயே இடது கண்ணும் அகன்றுவிட்டது.

மண்டையில் துளை போட்டு ரத்தக்கட்டியை எடுத்தார்கள். பெரிய டாக்டர் கன்னடத்தில் சொன்னார்: ரத்தம் கட்டி மூளையைக் கீழே தள்ளிவிட்டது. ஒரு கண் மட்டும் அகன்றபோதே வந்திருந்தால் பிழைக்க வழியுண்டு, இரண்டும் போன பிறகு கஷ்டம். அந்தக் குறட்டை தூக்கமில்லையாம், மயக்கமாம். "தூங்க மருந்து கொடுத்தது யார்?" நான்தான் என்றேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாசி 18, வியாழன்.

காலை பத்துக்கு மூச்சு நின்றது. வயது 28.

மாசி 21, ஞாயிறு. வீடு.

மேகமூட்டம். துக்கம் கேட்க வருபவர்களிடமெல்லாம் கௌரம்மா சொல்கிறாள்: "நோவு தெரியாம தூங்க வச்சாரு எங்க மாமா. அந்தப் புண்ணியம் அவருக்கு." எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள். கூசுகிறது.

எல்லோரும் போன பிறகு சொல்லிவிட்டேன். "அது தூக்கமில்லம்மா. பஸ்ஸுலயே கூட்டிப் போயிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

அழவில்லை அவள். 

"அன்னிக்கு நாலு மணிக்கு நீங்க எழுப்பத்தான் வந்தீங்க. வேணாம், தூங்கட்டும்னு கையப் புடிச்சது நான்தானே மாமா?"

ஆமாம். அவள்தான். இல்லை என்று சொல்லி அவளைத் தேற்றியிருக்கலாம், சொல்லவில்லை.