திங்கட்கிழமைப் பக்கங்கள்

அன்புள்ள நெட்டைக்கு,

பன்னிரண்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே. உள்ளே உன் ஆய்வுக்கூடக் குறிப்பேடு இருக்கிறது. அதற்காகவாவது படி.

நான் நம் ஆய்வுக்கூடத்திலேயேதான் இருக்கிறேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. உன் முக்காலியில் இத்தனை நாளும் காலி அட்டைப் பெட்டிகள். மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். தண்ணீர் பாட்டிலை மட்டும் மேசை நடுவில் வைக்கிறேன், எதிரே இருப்பவருக்கும் எட்ட வேண்டும் என்பதுபோல.

போன வாரம் நம் ஆரஞ்சு நிற உலோகச் சேர்மத்தை வெறும் தண்ணீரில் கரைத்து அதன் ஒளிர்வை அளந்தேன். எண் தவறாக வந்தது. முந்தின நாள் குடுவையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டே தடவை அலசியிருந்தேன். பத்துத் தடவை அலசிப் பார்த்தேன், சரியாக வந்தது. வேண்டுமென்றே துளி சோப்பு விட்டேன். மறுபடி அதே தவறு. அந்த எண்ணை எனக்குத் தெரியும். அது உன் எண்.

சோப்பு நிறைய இருந்தால் அதன் மூலக்கூறுகள் கூடி உருண்டையாகும், உலோகம் அதில் போய் ஒட்டும். அதைத்தானே வருடக்கணக்காக அளந்தோம்? உருண்டையாக முடியாத அளவு கொஞ்சமாக இருந்தாலும், உலோகம் நாலைந்து சோப்பு மூலக்கூறுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எண் மாற அது போதும்.

உன் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். தவறானவை எல்லாம் திங்கட்கிழமைகள். சனிக்கிழமை கழுவும் முறை என்னுடையது. "அவசரக்குடுக்கை, பத்துத் தடவை அலசுடி" என்று நீ கத்துவாய். நான் என் குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைக்க ஐந்து மணிப் பேருந்துக்கு ஓடுவேன். அந்தக் குழந்தை கல்லூரிக்காக வெளியூர் போய்விட்டாள். இப்போது எந்தப் பேருந்தில் போனாலும் ஒன்றுதான்.

"வெறும் தண்ணிலயே இப்படிக் குதிக்குதா? வீட்ல உக்காந்து எழுதினியாம்மா?" என்று பேராசிரியர் கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். "இவ பக்கத்துலதான் சார் இருந்தா" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மாதம் என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சோப்பு விஷயம் அன்று எனக்குத் தெரியாது. நீ அளந்தது தெரியும். மறுவாரமே நீ ஆய்வை விட்டுப் போனாய்.

ஓய்வுபெற்ற அவரைப் போய்ப் பார்த்தேன். "இப்பப் போய் எதுக்கும்மா கிளறுற?" என்றார். நடந்ததையெல்லாம் துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், நகல் உள்ளே இருக்கிறது. நீ விரும்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்கிறார்கள்.

ஒவ்வொரு திங்கட்கிழமைப் பக்கத்தின் ஓரத்திலும், 'குடுவை கழுவியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மொத்தம் பதினொன்று.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. திட்டுவதற்காகவாவது ஒருமுறை வா. பெட்டிகளை இறக்கி முக்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். வராவிட்டாலும், எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீ வைத்த பெயரிலேயே,
அவசரக்குடுக்கை