வளராத கிருமி

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது உடம்பைப் பார்த்துக்கொள். தம்பிக்குப் போன வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும்போது கம்பி இடித்த அதே இடம்தான். மேலே புண் ஆறிவிட்டது, உள்ளே எலும்பு மட்டும் விண்விண் என்று தெறித்துக்கொண்டே இருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மேதாவி நீ, கிருமிக்கு மாத்திரை என்று பார்சல் அனுப்பினாய். வலித்தால் நாலு நாள் போடுவான், குறைந்ததும் நிறுத்துவான். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், எலும்பு டாக்டர் துளை போட்டு எலும்பைச் சுரண்டி, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்பினார், கிருமி எதுவும் வளரவில்லை என்று வந்தது. அடிபட்ட வலிதான், போகப்போகச் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் தோல் உடைந்து சீழோடு எலும்புத் துணுக்கு வந்தது. மறுபடி சுரண்டினார்கள், இந்தத் தடவை வளர்ந்தது, லேசில் மசியாத கிருமி. ஆறு வாரம் நரம்பில் மருந்து ஏற்றினார்கள், அதற்குள் எலும்பு செத்துப்போயிருந்தது. பார்சல் மாத்திரையைப் பற்றித் தம்பியே அப்போதுதான் டாக்டரிடம் சொன்னான். முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வாரம் அதை நிறுத்திவிட்டுச் சுரண்டியிருப்பேன், மாத்திரை உள்ளே இருந்தால் கிருமி பிடிபடாது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஏனென்றால், முதல் தடவை தம்பியை எக்ஸ்ரே படம் எடுக்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தபோது, ஏதாவது மாத்திரை போடுகிறானா என்று அவர் என்னை மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். உன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாதென்று சொன்னதாக எழுதத்தான் உட்கார்ந்தேன், அது பொய். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவளை, டாக்டரைக் கேட்காமல் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்ததற்காக அத்தனை பேர் எதிரில் கிழி கிழி என்று கிழித்தார், எனக்கு அந்த ஏச்சு வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா மாத்திரைதான் என் காலைத் தின்னுடுச்சு என்கிறான் தம்பி. நான் மறுத்துப் பேசவில்லை, பேசவும் மாட்டேன். நீ எங்கேயோ இருக்கிறாய், அவன் கோபம் உன்னை என்ன செய்யும். நான் தினமும் அவனைத் தூக்கி உட்காரவைத்துக் கழுவிவிட வேண்டும், அதற்கு அவன் என் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

நல்லபடியாக இரு, வேளாவேளைக்குச் சாப்பிடு, என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. படித்ததும் இதைக் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய்து தம்பியிடம் மன்னிப்புக் கேள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா