தோகை இல்லாத மயில்

நோரிஸ் ரோடு,
சிங்கப்பூர்.
29-1-1962

அன்பு மகள் தனபாக்கியத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மருதப்பன் மூவரும் சுகம். அங்கே நீயும் சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை, ஆனால் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது தெரிந்தும் அப்படிக் கேட்கக் கை ஓடவில்லை, அதனால் நேற்றைக்கு இன்று தேவலை என்று நீ இருக்கவேண்டும் என்றே எழுதுகிறேன். நர்ஸ் வேலை படிக்கப் போன பிள்ளை நுரையீரல் நோயோடு கட்டிலில் கிடக்கிறாளே என்று நினைத்தால் அந்த இங்கிலாந்து மீதே எனக்குக் கோபம் வருகிறது. மார்ச்சில் ஆபரேஷன், நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள், பயப்படாதீங்க என்று சாதாரணமாக எழுதிவிட்டாய். அந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது சாப்பிட்ட கையோடு எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார்.

மருதப்பனுக்கு பஸ் கம்பெனியில் கண்டக்டர் வேலை நிரந்தரமாகிவிட்டது, மீசை வைத்திருக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை. குவீன்ஸ்டவுனில் வீடு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறோம், நீ வந்தால் மாடி ஏறக்கூடாதே என்று கீழ் வீடாகக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

காவடி வேண்டாம், அப்பாவுக்கு முழங்கால் வலி என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அவர் உனக்காக நேர்ந்துகொண்டுவிட்டார். அதுவும் வாடகைக் காவடி இல்லை, என் கையால செஞ்ச காவடிதான் எடுப்பேன், அதுல மயிலும் நானே செதுக்குவேன் என்று ஒரே பிடிவாதம். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. யாரிடமும் போய்க் கற்றதில்லை, கிராஞ்சிக் காட்டில் தண்ணீர்க் குழாயோரம் கசிவு பார்த்துக்கொண்டு நடக்கிறது அவர் வேலை, வழியில் எதைக் கண்டாலும் நின்று பார்ப்பார், பிறகு வீட்டுக்கு வந்து ரம்புத்தான் மரக்கட்டையும் பேனாக்கத்தியுமாக உட்கார்ந்துவிடுவார். நம் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே அவர் செதுக்கிய உடும்பு உட்கார்ந்திருக்கிறது. கண்ணால் பார்க்காத எதுவும் அவருக்குச் செதுக்க வராது. நீ சின்னப் பிள்ளையில் யானை கேட்டு அழுததற்கு எறும்புதின்னியைச் செய்து கொடுத்த மனுஷன்தானே. மயில் இந்த ஊர்க் காட்டில் எங்கே இருக்கிறது. காலண்டர் முருகனின் மயிலைப் பார்த்து ஒன்று செய்தார், வான்கோழி மாதிரி வந்தது, அவரே அடுப்பில் போட்டுவிட்டார்.

அப்போதுதான் ரொட்டி கொண்டுவரும் சாகுல் ஹமீது பாய், காத்தோங்கில் தாம் ரொட்டி போடுகிற ஒரு பங்களாவில் மயில் வளர்க்கிறார்கள், தோட்டக்காரரிடம் சொல்லி வேலியோரம் உட்கார விடுகிறேன் என்றார். அக்டோபர் முழுவதும் அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனார். மழை பிடித்துக்கொண்ட பிறகு போகவில்லை, வீட்டிலேயே செதுக்கினார். வேலை முடியும்வரை என்னைப் பார்க்க விடவில்லை, துணியைப் போட்டு மூடிவைத்தார்.

துணியை எடுத்தபோது எனக்குப் பகீரென்றது தனம். கழுத்து இருக்கிறது, கொண்டை இருக்கிறது, தோகை இல்லை. பின்பக்கம் கோழி மாதிரி மொட்டையாக இருந்தது. படுக்கையில் கிடக்கிற பிள்ளைக்காக எடுக்கிற காவடியில இப்படி மூளி மயிலையா வைப்பீங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நான் பாத்தப்ப அது அப்படித்தான் இருந்துச்சு மங்களம், எல்லாம் உதிர்ந்து போச்சு, ஆனா தோகை இருக்குற நினைப்புலயேதான் நடக்குது, திரும்புறப்ப அவ்வளவு இடம் விட்டுத் திரும்புது என்றார். வருஷா வருஷம் உதிரும், மறுபடி முளைச்சிடும்லா என்று தோட்டக்காரர் சொன்னதாகப் பாயும் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. நம் காவடிக் கூட்டத்துக்குத் தலைவரான சுப்பிரமணியம் மாமா பார்த்துவிட்டு, அபசகுனம், நிஜ மயிலிறகையாவது கட்டி மறைத்துவிடுங்கள் என்றார். சிராங்கூன் ரோட்டில் ஒரு கட்டு மயிலிறகு வாங்கி, அப்பாவுக்குச் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலில் அவர் தோளில் காவடி ஏற்றி, இரண்டு பக்கமும் பால்செம்பு கட்டியாயிற்று. நான் மயிலிறகையும் நூலையும் வெளியே எடுத்தேன். அவர் பார்த்தார். எனக்கு எட்டட்டும் என்று அந்த முழங்காலோடு மெல்லக் குனிந்து கொடுத்தார். நான் அவ்வளவு பேசியும் கோபப்படாத மனுஷன் இப்போதும் எனக்காகக் குனிகிறாரே என்று நினைத்ததும் கை நகரவில்லை. இறகைப் பையிலேயே திரும்பப் போட்டுவிட்டு, போங்க, நேரமாகுது என்றேன்.

டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் அவர் ஓரிடத்திலும் காவடியை இறக்கவில்லை. வழியில் பார்த்தவர்கள் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். சிலிகி ரோட்டில் என் பக்கத்தில் நடந்துவந்த ஒரு அம்மா, என்னங்க, உங்க மயிலுக்குத் தோகையே இல்லையே என்று கேட்டார். என் மகளுக்கு உடம்பு சரியில்லம்மா, இனிமேதான் வளரும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்கு உறைத்தது, நடுரோட்டில் அழுதுவிட்டேன். அந்த அம்மா கோயில் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, என்னையும் அங்கே கூட்டிப் போங்க என்று நானாகத்தான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் பார்க்கிற எதையும் நான் கூடப் போய்ப் பார்த்ததில்லை. பஸ் பிடித்துப் போய் வேலியோரம் உட்கார்ந்தோம், வெயில் சுட்டது, வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு செம்பருத்திச் செடிக்குப் பின்னாலிருந்து வந்தது. தோகை வந்திருக்கிறது தனம். முழுசாக இல்லை, தரையைத் தொடவில்லை, ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாக இருந்தது, ஆனால் பச்சைப் பசேலென்று வந்திருக்கிறது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் மயிலைப் பார்க்கவில்லை, நான் பார்க்கிறேனா என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோடு விபூதி மடித்து வைத்திருக்கிறேன், தலைமாட்டில் வைத்துக்கொள். முட்டை கொடுத்தால் முகம் சுளிக்காமல் சாப்பிடு. ஆபரேஷன் முடிந்ததும் யாரையாவது விட்டு ஒரு தந்தி அடிக்கச் சொல், மறந்துவிடாதே. முருகன் துணையிருப்பான், நீ நூறு வயது நன்றாக இருப்பாய். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே எழுது. எங்களுக்குத் தைரியம் சொல்லி எழுதாதே, அது பெற்றவர்கள் வேலை.

உன் வழியையே பார்த்திருக்கும் அம்மா,
வே. மங்களம்