மருமகளுக்குப் புரிந்த தமிழ்

பழவேற்காடு

அன்பு மகன் உதயகுமாருக்கு அம்மா மணியம்மாள் எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம், அங்கே நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் கத்தாருக்குத் திரும்புகிற அங்கமுத்து மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் போட்டுவிடாதே.

முகத்துவாரம் மறுபடியும் மணல் அடைத்துக்கொண்டது, கடல் தண்ணீர் ஏரிக்குள் வரவில்லை, நாள் முழுக்கச் சேற்றில் கைவிட்டுத் தடவினாலும் குழம்புக்கு இறால் காணாது. உன் நைனாவுக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, ஆனாலும் தண்ணீரில் இறங்காமல் இருக்க மாட்டேன் என்கிறார். அதெல்லாம் இருக்கட்டும், உன் பெண்டாட்டியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பிமலா என்கிற பேர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை, தெருவே விமலா என்றுதான் கூப்பிடுகிறது. கூட ஓட்டலில் வேலை பார்த்த பெண், நேபாளத்துக்காரி, கட்டிக்கொண்டேன் என்று வயிற்றுப் பிள்ளையோடு கொண்டுவந்து விட்டுவிட்டு நீ போய்விட்டாய். வந்த புதிதில் அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவள் பாஷையில் ஆமா என்றால் அம்மாவாம். நான் யாரிடமாவது ஆமா ஆமா என்று பேசினால், இந்த வயசிலும் தாயை நினைத்து ஏங்குகிறாளே என்று என் முதுகைத் தடவிக்கொடுப்பாள், நாங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பிரசவத்தில்கூட அப்படித்தான், வலி விட்டிருக்கா என்று நர்ஸ் கேட்க, இவள் ஆமா, ஆமா என்று முனக, அந்தப் பெண் சரியென்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. அவ அம்மாவைக் கூப்புடறாம்மா, வலி விடலைன்னு நான்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பெண் குழந்தை. நந்தினி என்று வைத்திருக்கிறோம், அவள் ஊரிலும் அந்தப் பேர் உண்டாம். மூக்கு உன் மூக்கு.

பக்கத்து வீட்டு ஜமுனா குழந்தையைப் பார்க்க வருவாள். கிளம்பும்போது வரேன்க்கா என்பாள். உடனே விமலா அவளுக்கென்று திரும்பவும் டீ போட்டு, ஆறிப்போகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தினமும் இதே கதையாக இருக்கவே ஒருநாள் ஜமுனாவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இன்னா விமலா, எங்க ஊர்ல போறவங்கதான் வரேன்னு சொல்வாங்க, அதுக்காவ உடனே வந்துடுவாங்களா என்றாள். விமலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, அவர் போகும்போது வரேன் சொன்னாரு, அதுவும் போறதா என்றாள். உதயா, உன் நைனா வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டேன், உங்களுக்குள் பேசிக்கொள்கிற ஹிந்தியில் அவன் உன்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லையா என்று. ஒன்றும் சொல்லவில்லையாம். வாசலில் நின்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாக வரேன் என்றாயே, அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கிற மாதிரி அவள் ஒரு வார்த்தை தப்பாகப் பேசுவதில்லை. அவள் அண்ணன் இந்த மாதக் கடைசியில் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போகிறான். நேற்று அவள் அம்மா போனில் பேசினார்கள், பாதியில் அந்த அம்மா எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என்ன என்றேன். தன்னை அறியாமல் இவள் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறாளாம், பெற்றவளுக்குப் புரியவில்லையாம். போனை வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இருந்துவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன். யாரை நம்பி இருக்கச் சொல்வது.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. எங்கே இருந்தாலும் அம்மன் உன்னை விட்டு விலகாமல் இருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய், அவள் கிளம்புவதற்குள் ஒரு தடவை போன் போட்டு, வரமாட்டாய் என்றால் வரமாட்டேன் என்று உன் வாயால் சொல்லிவிடு. ஹிந்தியிலேயே சொல். தமிழில் மறுபடியும் வரேன் என்று முடித்தாயானால் நானே அதை நல்லவிதமாக எடுத்துக்கொண்டுவிடுவேன்.

உன்னைப் பெற்ற
மணியம்மாள்